பிராந்தைப் படம் பிடியுங்கள், கூட்டை விட்டுவிடுங்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. கமெரா வைத்திருக்கும் தம்பிமாரும், அவர்களுடைய வாப்பா உம்மாமாரும், வட்டைக்குப் போய் வருகிறவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எமது ஊர் வாலிபர்கள் சிலர் இரண்டு மூன்று வருடங்களாகக் கமெராவைத் தூக்கிக்கொண்டு வயல், குளம், களப்பு என்று அலைகிறார்களே, அது நல்ல காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். "வேல வெட்டி இல்லாம பிராந்துக்குப் பின்னால திரியிறானுகள்" என்று தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. நாங்கள் என்றால், பாடசாலையில் படிப்பிக்கும் சிலரும், எங்களோடு சனிக்கிழமைகளில் வட்டைக்கு வரும் பழைய மாணவர்களும். சுபஹ் தொழுதுவிட்டு நேரே வயலுக்குப் போய், பனியில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து, ஒரு பறவைக்காகக் காத்திருக்கிற பிள்ளையைப் பார்த்து நாம் கவலைப்பட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வேறு எங்கெல்லாம் எமது பிள்ளைகள் இருக்கக்கூடும் என்பது நமக்குத் தெரியாதா?

அவர்கள் எடுத்த படங்களால் ஊருக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். நாம் எல்லாவற்றையும் "பிராந்து" என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகியவர்கள். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செம்மண் நிறம் என்றால் அது செம்பருந்து. அதன் குஞ்சு வளர்ந்து பறக்கத் தொடங்கும்போது முழுக்கக் கபில நிறமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு சாதி என்று நினைப்பவர்கள் அதிகம். களப்புக்கு மேலே, பலகையை விரித்தது போன்ற சிறகோடு வட்டமிடும் பெரியது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. குளத்துப் பட்டமரத்தில் அசையாமல் இருந்து, விடியற்காலையில் மனிதன் அழுவது போலக் கத்துவது மீன்கழுகு. வீதியோரத்து மரத்தில் பக்கத்தில் போகும்வரை இருந்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு எழும்புவது பாம்புக் கழுகு. மாரி காலத்தில் வடக்கே இருந்து வந்து, கதிருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தாழப் பறந்து திரிகிற பூனைப் பருந்துகள் வேறு. பாடப்புத்தகத்தில் இவையெல்லாம் ஒரு வரியோடு போய்விடும். தம்பிமார் எடுத்த படங்களை வகுப்பில் போட்டுக் காட்டியபோதுதான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

அதில் ஒரு படம், கருந்தோள் பருந்து ஒன்று எலியைக் காலில் பற்றியபடி வரம்பில் இருப்பது. சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னப் பறவை, கண் மட்டும் இரத்தச் சிவப்பு. தரம் ஏழில் படிக்கும் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இது எங்கட வயலுக்கு மேல ஹெலிகொப்டர் மாதிரி ஒரே இடத்தில நிக்கிற குருவி" என்றான். சரியாகச் சொன்னான். அந்தரத்தில் சிறகடித்து நின்று கீழே எலியைத் தேடுகிற பழக்கம் அதற்கு உண்டு. அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை வீட்டில் போய், எலிக்கு மருந்து வைக்க வேண்டாம் என்று வாப்பாவோடு வாதாடியிருக்கிறான். வாப்பா எங்களிடம் வந்து முறைப்பாடு சொன்னார். நாங்கள் பிள்ளையின் பக்கம்தான் பேசினோம். நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடிக்கொண்டு வரம்பில் திரியும். பருந்துக்கும் ஆந்தைக்கும் அதுதான் பிடிக்க இலகுவான இரை. அந்த எலியோடு நஞ்சும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. எலியைத் தின்ன வந்ததைக் கொன்றுவிட்டு, அடுத்த போகத்தில் இன்னும் கூடுதலாக எலிமருந்து வாங்குகிறோம்.

ஒரு நல்ல படம் இவ்வளவு வேலை செய்யும். இனிச் சொல்லப்போவது அதே படங்களுக்காக இந்த மாரியில் நடந்தவை.

ஊருக்கு வெளியே, நீரோரத்து மருதமரம் ஒன்றில் கடற்கழுகு கூடு கட்டியிருந்தது. எந்த இடம் என்று எழுத மாட்டோம். பல வருடங்களாக அதே மரத்தில்தான் அந்தச் சோடி இருக்கிறது. இந்தப் பறவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதில்லை. பழைய கூட்டுக்கு மேலேயே சுள்ளி அடுக்கி அடுக்கிப் பெரிதாக்கும். வயற்காரர்களுக்கு அது தெரியும், அவர்கள் பாட்டுக்கு வேலை செய்வார்கள், பறவையும் அதன் பாட்டுக்கு இருக்கும். ஜனவரியில் யாரோ அந்தக் கூட்டை இடத்தோடு படமாகப் போட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளி, ஜும்மாவுக்குப் பிறகு அந்தக் கட்டில் பதினைந்து மோட்டார் சைக்கிள் நின்றது. வெளியூரிலிருந்தும் வந்தார்கள். கிளை மறைக்கிறது என்று ஒருவர் கத்தியோடு பக்கத்து மரத்தில் ஏறினார். பறக்கிற படம் வேண்டும் என்று இன்னொருவர் மண்ணாங்கட்டி எறிந்தார். ஞாயிற்றுக்கிழமை ட்ரோனும் வந்தது. தாய்ப் பறவை மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்ததாக வாடியில் காவலுக்கு இருந்த காக்கா சொன்னார். அந்தக் கத்தலையும் சிலர் வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டுப் பகிர்ந்தார்கள்.

இப்போது அந்தக் கூட்டில் ஒன்றும் இல்லை. காகம் இறங்கி ஏறுவதை அந்தக் காக்கா கண்டிருக்கிறார்.

யார் செய்தது என்று பெயர் சொல்லிச் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. அவர்களில் பலர் தாங்கள் ஒரு முட்டையையும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தொடவில்லைதான். ஆனால் ஒரு முட்டையை நாசமாக்க அதைத் தொட வேண்டியதில்லை. கடற்கழுகு பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும், பாம்புக் கழுகு ஒன்றே ஒன்று. ஏறத்தாழ ஆறு வாரம் அடைகாக்க வேண்டும். எமது வெயிலில் அடைகாப்பது என்பது சூடு கொடுப்பது மட்டுமில்லை, நிழல் கொடுப்பதும்தான். நடுப்பகலில் தாய் எழும்பிப் போய் அரை மணித்தியாலம் திரும்பாவிட்டால் திறந்த கூட்டில் முட்டைக்குள் இருப்பது வெந்துபோகும். குஞ்சாக இருந்தால் நீர் வற்றிச் சாகும். அதற்கிடையில் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். பறவைக்குப் பயப்படுகிற காகம் மனிதன் நிற்கும் இடத்துக்குப் பயப்படாது, மனிதன் பறவையை விரட்டிக் கொடுப்பான் என்று அது படித்துவிட்டது. அதோடு, கடற்கழுகு கூடு விடயத்தில் மிகவும் கூச்சமானது. அடைகாக்கத் தொடங்கும் நாட்களில் தொந்தரவு கொடுத்தால் அந்த வருடத்துக் கூட்டையே கைவிட்டுப் போய்விடும்.

ஆகவே எங்கள் கருத்து நேரடியானது. கூட்டைப் படம் எடுக்கவே வேண்டாம். தூரத்தில் நின்று எடுத்தேன், பெரிய லென்ஸ் போட்டு எடுத்தேன் என்ற பேச்சும் வேண்டாம். ஆராய்ச்சி செய்பவர்கள் அனுமதி எடுத்து முறைப்படி செய்வார்கள், அது அவர்கள் வேலை. எமக்குத் தேவையில்லை. இது கடுமையான கருத்து என்று சிலர் சொல்கிறார்கள். எண்பது மீற்றரில் நின்றால் போதாதா, நூறில் நின்றால் போதாதா என்று கேட்கிறார்கள். ஒருவர் நூறு மீற்றரில் நின்று எடுத்த நல்ல படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் ஐம்பதுக்கு வருகிறார். அந்தப் போட்டி எங்கே போய் முடியும் என்பதை ஜனவரியில் பார்த்துவிட்டோம்.

இதில் மார்க்கம் பேச நாங்கள் மௌலவிமார் இல்லை. ஆனாலும் அபூதாவூதில் வரும் ஒரு சம்பவத்தை நம்மில் பலர் பயானில் கேட்டிருப்போம். பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சின்னப் பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகை விரித்து அடித்துக்கொண்டது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் கண்டு, குஞ்சை எடுத்து அதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பறவை தலைக்கு மேலே துடித்ததைப் பார்த்து வந்த கேள்வி அது. அதே துடிப்பை நாம் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸில் வைக்கிறோம்.

இதைச் சொன்னபோது ஒரு தம்பி எங்களிடம் புகாரி, முஸ்லிமில் வரும் இன்னொரு ஹதீஸைக் காட்டினார். இஹ்ராமில் இருந்தாலும் கொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஐந்தில் பருந்தும் வருகிறதே, பிறகென்ன என்றார். நல்ல கேள்வி, படித்திருக்கிறார். ஆனால் தீங்கு செய்வதைத் தடுக்கக் கொடுத்த அனுமதிக்கும், எந்தத் தீங்கும் செய்யாமல் மரத்தில் அடைகாத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் படத்துக்காக விரட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? அறுக்கும்போது கூட நல்ல முறையில் அறுக்கச் சொன்ன மார்க்கம் இது. மேற்கொண்டு விளக்கம் வேண்டுமானால் உலமாக்களிடம் கேளுங்கள், நாங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நாட்டுச் சட்டத்தில் சந்தேகமே இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்தப் பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. கொல்வது, பிடிப்பது, முட்டை எடுப்பது எல்லாம் குற்றம்.

பிடிப்பது என்றதும் இன்னொரு விடயம். எமது ஆட்கள் பலர் கட்டாரில் இருந்தவர்கள். டோஹா சூக் வாகிஃபில் ராஜாளிகள் வரிசையாகக் கண் மூடிய தொப்பியோடு இருப்பதைப் பார்த்திருப்பார்கள், அங்கே அவற்றுக்குத் தனி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அமீரகத்தில் பாஸ்போர்ட்டே கொடுக்கிறார்கள். அது அவர்களுடைய நெடுங்காலப் பழக்கம், பழக்குவதற்குப் பரம்பரை அறிவு இருக்கிறது, இப்போது பெரும்பாலும் பண்ணையில் பொரித்த பறவைகள். அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, பிராந்துக் குஞ்சை இறக்கிக் காலில் நைலோன் கட்டி, கையில் இருத்திப் படம் எடுப்பது என்ன வகை? செம்பருந்து ராஜாளி இல்லை. அது வேட்டைக்குப் பழகாது. செத்த மீனும் குப்பையும் பொறுக்கி வாழ்கிற பறவை. கட்டி வைத்த இரண்டாம் வாரத்தில் சிறகு முறிந்து, கால் வீங்கி, கொல்லைப்புறத்தில் செத்துக் கிடக்கும். அப்படி ஒன்றை எமது பிள்ளைகளே கொண்டுவந்து காட்டினார்கள்.

அடுத்தது கோழிக்குடல். கோழிக் கடைக் கழிவைக் களப்போரம் வீசினால் பத்து நிமிடத்தில் இருபது முப்பது செம்பருந்து வந்துவிடும், தாழ இறங்கும், படம் இலகு. மலேசியாவில் லங்காவிக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள், அங்கே படகில் கூட்டிப்போய் கோழித்தோல் வீசிக் கழுகு காட்டுவது ஒரு வியாபாரமாகவே நடந்தது. அந்தத் தீவின் பெயரிலேயே கழுகு இருக்கிறது என்பார்கள். அங்கேயே இதை எதிர்த்துப் பேசுபவர்கள் பலர். கொழுப்பும் தோலும் தின்று வளரும் பறவைக்கு உரிய சத்துக் கிடைப்பதில்லை, தேடித் தின்னும் பழக்கமும் குறைகிறது. எமது ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. குடல் வீசிய இடத்துக்குப் பிராந்துக்கு முன்னால் நாய் வரும். அந்த வழியாகத்தான் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறார்கள்.

உயிரோடு கோழிக்குஞ்சை நூலில் கட்டிவைத்துக் கழுகை இறக்குவதைப் பற்றி நாங்கள் விளக்கம் எழுதப் போவதில்லை. செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எப்படிப் படம் எடுப்பது? இங்கேதான் எமது வட்டைகள் உதவிக்கு வருகின்றன. பெரும்போக வேளாண்மை வெட்டு இந்தக் கிழமை தொடங்குகிறது. வெட்டு மெஷின் ஓடும்போது எலியும் தவளையும் வெட்டுக்கிளியும் கதிருக்குள்ளிருந்து சிதறி ஓடும். பருந்துகள் தாமாகவே வந்து மெஷினுக்குப் பின்னால் இறங்கும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, குடல் வீச வேண்டியதில்லை. அப்போது அவை மெஷினையும் மனிதனையும் அவ்வளவு கணக்கெடுப்பதில்லை. வரம்பில் ஓரமாகக் குந்தியிருந்தால், காலை வெயிலை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, ஷட்டரை 1/1600 செக்கனில் விட்டு, தலைக்கு மேலாலும் எடுக்கலாம். கூட்டில் இருக்கும் பறவையின் படத்தில் ஒரு பயந்த கண் மட்டும்தான் தெரியும். இங்கே அது திரும்புவது, காலை நீட்டுவது, எலியைப் பறித்துக்கொண்டு இன்னொன்றோடு சண்டை பிடிப்பது எல்லாம் கிடைக்கும். ஊரில் இதுவரை வந்த நல்ல படங்களில் அநேகமானவை வெட்டுக் காலத்தில் எடுத்தவை என்பதை அந்தத் தம்பிமாரே ஒத்துக்கொள்வார்கள்.

வெட்டு இல்லாத நாட்களில் ஓட்டோவைப் பாவியுங்கள். நடந்து வரும் மனிதனைக் கண்டால் எழும்பும் பாம்புக் கழுகு, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்த ஓட்டோவுக்கு அவ்வளவு பயப்படாது. உள்ளே இருந்தே எடுங்கள், இறங்காதீர்கள். பறவை உங்களை முறைத்துப் பார்க்கத் தொடங்கினால், இருந்த இடத்தில் கால் மாற்றிக் கழுத்தை நீட்டினால், அதுவே எல்லை. அதற்கு மேல் கிட்டப் போவது வேண்டாம். 83 மடங்கு ஸூம் உள்ள நிக்கோன் பி900 இரண்டு மூன்று பேரிடம் இருக்கிறது, பிறகும் ஏன் மரத்தடிக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இரவில் கூகைக்கு ஃப்ளாஷ் அடிப்பதையும் விடுங்கள். இருட்டில் வேட்டையாடும் கண்ணுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்தால் போதும். கூகை கத்தினால் மௌத்து வரும் என்று கல்லெறிகிற மூத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஆந்தைச் சகுனம் என்று ஒன்று இல்லை என நபியவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பொறுமைக்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் 1995இல் கித்துல்கல காட்டில் இரவில் ஒரு புதுக் குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். இடையில் ஆறு வருடம். 2004இல் அது உலகத்துக்கே புதிய ஆந்தை இனம் என்று அறிவிக்கப்பட்டது. நமக்கு ஆறு வருடம் வேண்டாம், ஆறு சனிக்கிழமை காத்திருக்க முடியாதா?

இடம் சொல்வது பற்றி. கூடு, தங்கும் மரம், ஆந்தைப் பொந்து, இவை எதையும் இடத்தோடு போட வேண்டாம். ஊர்ப் பெயர் மட்டும் போதும், அதுவும் கொஞ்ச நாள் கழித்து. படத்தில் பின்னால் தெரியும் பாலம், மினாரா, மின்கம்ப இலக்கம் எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதைக் கவனியுங்கள். போனில் எடுக்கும்போது லொகேஷனை அணைத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அந்த விபரம் போகாது, தெளிவு குறையக்கூடாது என்று டொகியுமென்டாக அனுப்பினால் படத்தோடு எடுத்த இடமும் சேர்ந்து போகும். இது பலருக்குத் தெரியாது.

வட்டவிதானைமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டையில் கூடு இருக்கும் மரத்துக்குக் கமெராவோடு யாராவது போனால் கேளுங்கள், திருப்பி அனுப்புங்கள். உங்கள் சொல்லுக்கு அங்கே இருக்கும் மரியாதை எங்கள் பதிவுக்கு இல்லை. அப்படியே, எலிமருந்து விடயத்தையும் கமக்காரர் கூட்டத்தில் ஒரு தடவை எடுத்துப் பேசினால், படங்களோடு வந்து காட்ட நாங்கள் தயார்.

இன்ஷா அல்லாஹ் வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு வெட்டு நடக்கும் வட்டைக்குப் போகிறோம். தரம் எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம், வீட்டில் கேட்டுக்கொண்டு வர வேண்டும். கமெரா இல்லாவிட்டால் பரவாயில்லை, எங்களிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது, மாறி மாறிப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். மெஷின் ஓடும் பக்கம் யாரும் போகக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிரியை ஒருவர் கூட வருகிறார். எட்டரைக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், ஒன்பது மணிக்கு வீட்டில் விட்டுவிடுவோம்.